கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா? சோதித்துத் தெரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

“இத்தனை வருடமாக இதைத்தான் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களிடம் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். நாக்கும் கண்ணும் போதும் என்ற நம்பிக்கை அது. 1854-ல் லண்டனின் பிராட் தெருப் பம்பிலிருந்து காலரா பரவியபோது, அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே தொலைவில் இருந்த ஒரு பெண்மணி தினமும் அதை வரவழைத்துக் குடித்து இறந்தார். கிணற்றுக்கு ஒரு மீட்டர் தூரம்கூட இல்லாத இடத்தில் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது. வங்கதேசத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். குளத்து நீரில் இருக்கும் கிருமிகளுக்குப் பயந்து 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். தெளிந்த தண்ணீர் வந்தது. அதில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது 1993-ல்தான் அங்கே உறுதியானது.

கிருமி சில மணி நேரத்திலோ சில நாளிலோ தன் வேலையைக் காட்டிவிடும். ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் பல வருடம் பொறுமையாக இருந்துதான் காட்டும். அதனால் “ஒன்றும் ஆகவில்லை” என்பது “இன்னும் தெரியவில்லை” என்பதாகவும் இருக்கலாம். பொதுக் குடிநீர் விநியோகம் என்றால் அதைச் சோதிக்கும் பொறுப்பு யாருக்காவது இருக்கும். சொந்தக் கிணற்றுக்கு உரிமையாளரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் லேப் பதில் சொல்லும். கடினத்தன்மை, உப்பு, பி.எச் (அமில, காரத் தன்மை) ஆகியவற்றை மட்டும் பார்த்துவிட்டு “குடிக்கத் தகுந்தது” என்று முத்திரை குத்திய ரிப்போர்ட்டில் கிருமியைப் பற்றியோ ஆர்சனிக்கைப் பற்றியோ ஒரு வரியும் இருக்காது. எதைக் கேட்பது என்று முடிவு செய்வதுதான் இதில் கஷ்டமான வேலை. அதைக் கிணற்றடியில் இருந்து தொடங்க வேண்டும்.

படி 1: கிணற்றைச் சுற்றி நடந்து பாருங்கள்

இதற்குக் காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். ஆனாலும் பலர் செய்வதில்லை. ஒரு தாளில் கிணற்றை நடுவில் வரைந்து, சுற்றி இருப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: கழிப்பறைக் குழி, செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம், எருக்குழி, சாக்கடை, உரமும் பூச்சிமருந்தும் அடிக்கும் வயல், பழைய பெட்ரோல் அல்லது டீசல் தொட்டி, பட்டறை, குப்பை மேடு. தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். கழிவுக்குழி பத்து மீட்டருக்குள் இருந்தாலோ, கிணற்றைவிட மேடான இடத்தில் இருந்தாலோ சந்தேகம் வலுக்கிறது. பல நாடுகளின் விதிகள் 15 மீட்டர் முதல் 30 மீட்டர் வரை இடைவெளி கேட்கின்றன. மணற்பாங்கான நிலத்திலும், வெடிப்பு விழுந்த பாறையிலும் அதுகூடப் போதாமல் போகலாம்.

அப்புறம் கிணற்றையே பாருங்கள். திறந்த கிணறு என்றால் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா, சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தில் விரிசல் உண்டா, சிந்தும் தண்ணீர் வெளியே ஓடுகிறதா, திரும்பக் கிணற்றுக்குள்ளேயே வழிகிறதா? உறைகளுக்கு இடையில் ஈரக்கசிவு தெரிகிறதா? வாளியும் கயிறும் தரையில் கிடக்கின்றனவா? போர்வெல் என்றால் கேசிங் பைப் (துளைக்குள் இறக்கிய வெளிக்குழாய்) தரைக்கு மேல் குறைந்தது ஓர் அடியாவது நிற்க வேண்டும். அதன் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பைப்புக்கும் மண்ணுக்கும் இடையில் பள்ளம் விழுந்திருந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாக நேராகக் கீழே இறங்கிவிடும். போர்வெல் ஆழமானது, அதனால் சுத்தமானது என்று நினைப்பவர்கள் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

படி 2: எதைச் சோதிக்கக் கேட்பது

எந்தக் கிணறாக இருந்தாலும் கேட்க வேண்டியவை சில. ஈ.கோலை (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா), மொத்த கோலிஃபார்ம் (ஈ.கோலையும் அடங்கிய பாக்டீரியா கூட்டம்), நைட்ரேட் (உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது), பி.எச், மின்கடத்துத்திறன் அல்லது டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), கலங்கல். இவற்றில் ஈ.கோலையும் நைட்ரேட்டும்தான் உயிர்நாடி. மற்றவை அவற்றைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

அடுத்தது மண்ணும் பாறையும் கொடுப்பவை. ஆர்சனிக், ஃபுளோரைடு, மாங்கனீஸ், யுரேனியம் ஆகியவை யாரும் கலக்காமலே நீரில் இருக்கும். வண்டல் படிந்த ஆற்றுச் சமவெளிகளில் ஆர்சனிக்கையும், கருங்கல் பாறை உள்ள இடங்களில் ஃபுளோரைடையும் யுரேனியத்தையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றின் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் கிணற்றை முடிவு செய்ய முடியாது. வங்கதேசத்தில் ஒரே ஊரில் அருகருகே இருந்த குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் அதிகமுள்ள ஒன்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பான மற்றொன்றுக்குப் பச்சையும் பூச வேண்டி வந்தது. ஊற்று வரும் ஆழம் சில மீட்டர் மாறினாலே தண்ணீரின் குணமும் மாறிவிடும்.

மூன்றாவது, நீங்கள் வரைந்த படம் சொல்பவை. வயல் பக்கத்தில் இருந்தால் அங்கே எந்தப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று பெயரை விசாரித்து லேபிடம் சொல்லுங்கள். “எல்லாப் பூச்சிமருந்தும்” என்று ஒரு சோதனை கிடையாது. பெட்ரோல் தொட்டி இருந்தால் பென்சீன் வகைகளைக் கேளுங்கள். வீட்டில் பழைய ஈயக் குழாயோ பித்தளைப் பொருத்துகளோ இருந்து, தண்ணீரின் பி.எச்சும் குறைவாக இருந்தால் ஈயத்தையும் தாமிரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுவுதொட்டியில் நீலப்பச்சைக் கறை படிவது தாமிரம் அரிப்பதற்கு நல்ல அறிகுறி.

சிவந்த கறையும் வெண்மையான படிவும் பார்க்க எரிச்சலாக இருக்கும். பெரும்பாலும் அவை இரும்பும் சுண்ணாம்பும்தான். துணிக்கும் கெட்டிலுக்கும் தொந்தரவு, உடம்புக்குப் பெரிய ஆபத்தில்லை. எல்லோரும் இதற்காகத்தான் லேபுக்கு ஓடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட்டுக்காக யாரும் போவதில்லை.

படி 3: எப்போது சோதிப்பது

கிருமிச் சோதனைக்குக் கோடையின் அமைதியான நாளைத் தேர்ந்தெடுத்தால் கிணறு நல்ல பெயர் வாங்கிவிடும். கனமழைக்குப் பிறகான சில நாட்களில் எடுங்கள். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-ம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழை, மாட்டுச் சாணத்தில் இருந்த ஈ.கோலையை ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கிணற்றின் பலவீனம் மழையில்தான் வெளிப்படும்.

உப்பும் தாதுக்களும் வறட்சியில் செறிவாவது உண்டு. அதனால் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்றவற்றை முதல் முறை சோதித்தபின் நீர்மட்டம் இறங்கிய காலத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. குளோரின் போட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்வரை கிருமிச் சோதனை வேண்டாம். மீதமிருக்கும் குளோரின் பொய்யாக நல்ல முடிவு காட்டும்.

படி 4: லேபிடம் முன்கூட்டியே பேசுங்கள்

குடிநீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற லேபாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 17025 தர அங்கீகாரம் இருக்கிறதா, உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட சோதனைகள் அந்த அங்கீகாரத்துக்குள் வருகின்றனவா என்று கேளுங்கள். ஆர்சனிக்கை எந்த அளவு வரை அவர்களால் கண்டுபிடிக்க முடியும் என்பதும் முக்கியம். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத முறையில் சோதித்து “இல்லை” என்று எழுதினால் அந்த “இல்லை”க்கு அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே 0.01 தான்.

பாட்டில்களை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டுவையுங்கள். வார இறுதியில் கிருமிச் சோதனையைத் தொடங்காத லேப்கள் உண்டு.

படி 5: மாதிரி எடுப்பது

தப்பான முடிவுகளில் பெரும்பாலானவை லேபில் பிறப்பதில்லை, பாட்டிலில் பிறக்கின்றன. எனவே இந்தப் படியில் அவசரம் கூடாது.

முதலில் எங்கே எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். கிணற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் முன் உள்ள குழாயில் எடுக்க வேண்டும். வீட்டார் எதைக் குடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் சமையலறைக் குழாயில். முடிந்தால் இரண்டிலும் எடுங்கள். கிணற்று மாதிரி சுத்தம், சமையலறை மாதிரியில் கிருமி என்றால் குற்றவாளி மேல்நிலைத் தொட்டியோ குழாயோதான். கிணற்றில் குளோரினைக் கொட்டி என்ன பயன்?

கிருமிச் சோதனைக்கான பாட்டில் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. உள்ளே சிறிது வெள்ளைத் தூளோ ஒரு துளி திரவமோ இருக்கும். அது குளோரினை முறிக்கும் தயோசல்பேட். அழுக்கென்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாய் முனையில் வலையோ ரப்பர் குழாயோ இருந்தால் கழற்றுங்கள். ஒழுகாத, ஆடாத குழாயாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முனையை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள். உலோகக் குழாய் என்றால் அது காய்ந்தபிறகு சிறு தீயில் காட்டலாம், பிளாஸ்டிக்கில் தீ வேண்டாம். பிறகு தண்ணீரை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஓட்டத்தைக் குறைத்துச் சீராக்கி, பாட்டிலைத் திறந்து, மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே உட்புறம் படாமல் பிடித்துக்கொண்டு நிரப்புங்கள். மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு உடனே மூடுங்கள். அந்தக் காற்றிடம் இருந்தால்தான் லேபில் குலுக்கிக் கலக்க முடியும்.

குழாயே இல்லாத திறந்த கிணறு என்றால், கிருமிநீக்கிய பாட்டிலில் சுத்தமான எடை கட்டி, புதுக் கயிற்றில் இறக்குங்கள். சுவரில் உரசக் கூடாது. மேல்மட்டத்தில் மிதக்கும் தூசி வராதபடி ஓர் அடியாவது நீருக்குள் மூழ்கட்டும். வீட்டு வாளியால் இறைத்து ஊற்றினால் வாளியையும் சேர்த்துத்தான் சோதிக்கிறீர்கள்.

எடுத்த பாட்டிலை ஐஸ் வைத்த பெட்டியில், உருகும் நீரில் மூழ்காதபடி வையுங்கள். உறையவும் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போனால் நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டினால் வேறு மாதிரி எடுப்பதே மேல்.

ரசாயன மாதிரிகள் இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கலாம். தோலில் படாமல், நிரம்பி வழியாமல் பிடியுங்கள். பெட்ரோல் வகை ஆவியாகும் பொருட்களுக்கு மட்டும் விதி தலைகீழ்: சிறு கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். ஈயத்துக்கும் ஒரு தனி விதி உண்டு. குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்க வேண்டும். ஓடவிட்டால் குழாயில் ஊறிய ஈயம் போய்விடும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், தேதி, நேரம் எழுதுங்கள். கடைசியாக மழை பெய்தது எப்போது என்பதையும் உங்கள் நோட்டில் குறியுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கும் கருவிகள்

டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இப்போது நிறைய. அந்தக் கருவி அளப்பது மின்கடத்துத்திறனை மட்டும்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. அதில் தெரியும் மிகச் சிறிய மாற்றம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆர்சனிக்கின் வழிகாட்டு அளவு அதில் நூறில் ஒரு பங்கு. கிருமி மின்சாரத்தைக் கடத்தி மீட்டரில் பதிவதும் இல்லை. 150 காட்டும் தண்ணீரில் ஈ.கோலை இருக்கலாம்; 900 காட்டுவது உப்புக் கரித்தாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாததாக இருக்கலாம். மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் மீட்டருக்கும் ஒரு பயன் உண்டு. எப்போதும் 400 காட்டிய கிணறு திடீரென்று 600-க்குப் போனால் ஏதோ புதிதாகக் கலக்கிறது என்று பொருள்.

நைட்ரேட் பட்டைகள் தோராயமாக வடிகட்டிப் பார்க்கப் போதும். ஆர்சனிக் கிட், துத்தநாகமும் அமிலமும் சேர்த்து வாயுவாக்கி ஒரு காகிதத்தில் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் காட்டும். நல்ல வெளிச்சம் வேண்டும், திறந்த இடத்தில் செய்ய வேண்டும், ஏனென்றால் வரும் ஆர்சின் வாயு நச்சு. 0.01-க்கு அருகில் அதன் கணிப்பு தடுமாறும். கிருமிக்கு, தண்ணீர் கறுத்தால் மலக்கலப்பு என்று காட்டும் எச்.டூ.எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பி இருக்கிறது. 1982-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது. வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். தண்ணீரிலேயே அழுகிய முட்டை வாசனை இருந்தால் இது பொய்யாகக் கறுக்கும். கறுக்கவில்லை என்பதற்காக லேபைக் கைவிட வேண்டாம்.

படி 6: ரிப்போர்ட்டைப் படிப்பது

கீழே உள்ளவை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள். உங்கள் நாட்டுச் சட்ட அளவு இவற்றிலிருந்து சற்று மாறலாம்.

ஈ.கோலை: 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது
நைட்ரேட்: லிட்டருக்கு 50 மில்லிகிராம்
ஃபுளோரைடு: 1.5 மில்லிகிராம்
ஆர்சனிக்: 0.01 மில்லிகிராம்
ஈயம்: 0.01 மில்லிகிராம்
யுரேனியம்: 0.03 மில்லிகிராம்
மாங்கனீஸ்: 0.08 மில்லிகிராம்

எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். நைட்ரேட்டில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். சில லேப்கள் முழு நைட்ரேட்டாக எழுதும், சில அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். அமெரிக்க அளவான 10, நைட்ரஜன் கணக்கு. அதை 4.43-ஆல் பெருக்கினால் 44 வரும், கிட்டத்தட்ட மேலே உள்ள 50-தான். ரிப்போர்ட்டில் “12” என்று இருந்தால், நைட்ரேட்டாக அது நிம்மதி, நைட்ரஜனாக ஆபத்து. ஆர்சனிக்கும் ஈயமும் மைக்ரோகிராமில் வரலாம். அப்போது எல்லை 0.01 அல்ல, 10.

ஈ.கோலை சூடான இரத்தமுள்ள உயிரினங்களின் குடலில் வாழ்வது. அது இருந்தால் சமீபத்தில் மலம் கலந்திருக்கிறது. அன்றே குடிப்பதை நிறுத்த வேண்டும். மொத்த கோலிஃபார்மில் மண்ணிலும் இலைதழையிலும் வாழ்பவையும் அடக்கம். அது மட்டும் இருந்தால் மலம் என்று சொல்ல முடியாது, ஆனால் மேல்தண்ணீர் உள்ளே வர ஒரு வழி இருக்கிறது என்று தெரிகிறது. ஒருமுறை ஈ.கோலை இல்லை என்று வந்தால் அது அந்த நாளுக்கான பதில்தான். வைரஸ்களும், குளோரினுக்கு அசராத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் ஈ.கோலை இல்லாத தண்ணீரிலும் இருக்கக்கூடும்.

எண்களைச் சேர்த்துப் படித்தால் கதை தெரியும். நைட்ரேட்டும் குளோரைடும் ஈ.கோலையும் சேர்ந்து ஏறியிருந்தால் கழிவுநீர்ப் பக்கம் திரும்புங்கள். நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் உரத்தைச் சந்தேகிக்கலாம். குளோரைடும் சோடியமும் மட்டும் ஏறியிருந்தால் உப்புநீர் உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட்டை வேறு எதற்கும் பின்னால் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதிக நைட்ரேட் உள்ள தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் கிணற்று நீரையும் இந்த நோயையும் இணைத்து எழுதினார். குழந்தைக்கென்று பாசத்தோடு நன்றாகக் கொதிக்கவைத்தால் நிலைமை மோசமாகும். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அங்கேயே நின்று செறிவாகும்.

படி 7: முடிவு மோசமாக வந்தால்

கிருமி என்றால் உடனடி வழி கொதிக்கவைப்பது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், மிக உயரமான மலைப்பகுதிகளில் மூன்று நிமிடம். இடைப்பட்ட நேரத்தில் விரிசலை அடைத்து, மூடியைச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் குளோரின் போட்டால் அடுத்த மழையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குளோரின் கணக்கு எளிது. வட்டக் கிணற்றின் ஆரத்தை அதே ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கனமீட்டர் வரும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9.4 கனமீட்டர், அதாவது 9,400 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் 940 கிராம். 30 சதவீதம் வீரியமுள்ள ப்ளீச்சிங் பவுடரில் அது ஏறக்குறைய 3.1 கிலோ. பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். வீட்டு ஃபில்டர்களுக்குப் போகும் இணைப்பை முன்பே அடைத்துவிடுங்கள், ஆர்.ஓ சவ்வு குளோரினில் கெட்டுவிடும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி, 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். பிறகு வாசம் போகும்வரை இறைத்து, செடிகளுக்கும் மீன் குளத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் போகாதபடி வெளியே விடுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடு அமிலத்தைச் சேர்க்கவே கூடாது. இந்த வேலைக்காக யாரும் கிணற்றுக்குள் இறங்கவும் வேண்டாம், உள்ளே பிராணவாயு குறைந்திருக்கலாம்.

நைட்ரேட், ஆர்சனிக், ஃபுளோரைடு, யுரேனியம் ஆகியவற்றுக்குக் கொதிக்கவைப்பதும் குளோரினும் உதவாது. புற ஊதா விளக்கும் சாதாரண கார்பன் ஃபில்டரும் இவற்றை நீக்காது. ஆர்.ஓ இவை நான்கையும் பெருமளவு குறைக்கும். ஆனால் ஆழ்கிணறுகளில் ஆர்சனிக் சில சமயம் எளிதில் பிடிபடாத வடிவத்தில் இருக்கும். அதனால் எந்தக் கருவி வாங்கினாலும் அதன் வழியே வந்த தண்ணீரையும் லேபுக்கு அனுப்புங்கள். வேறு ஆழத்திலிருந்தோ வேறு மூலத்திலிருந்தோ நல்ல தண்ணீர் கிடைக்குமானால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதை எடுத்துக்கொள்வது பல வீடுகளுக்கு எளிதான தீர்வு. குளிக்கவும் துவைக்கவும் பழைய கிணறே போதும்.

மறுபடி எப்போது

கிருமி, நைட்ரேட், பி.எச், டிடிஎஸ் நான்கையும் வருடத்துக்கு ஒருமுறை. குளோரின் போட்டிருந்தால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. பாறை கொடுக்கும் தாதுக்கள் எல்லைக்கு வெகு கீழே இருந்தால் சில வருடங்களுக்கு ஒருமுறை போதும், எல்லையை ஒட்டி இருந்தால் வருடாவருடம். வெள்ளம் கிணற்றைத் தொட்டாலோ, தூர் வாரினாலோ, மோட்டாரை மாற்றினாலோ, பக்கத்தில் புதிதாகக் கழிவுக்குழி தோண்டினாலோ, வீட்டில் யாராவது கருவுற்றாலோ, நிறமும் வாசனையும் திடீரென்று மாறினாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டுகளை நீங்கள் வரைந்த படத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். மோட்டார் ரசீது, கிணற்றின் ஆழம், கேசிங் எத்தனை அடி போட்டார்கள் என்ற விவரமும் அதிலேயே இருந்தால், ஐந்து வருடம் கழித்து ஓர் எண் ஏறும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.